கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீடு: வாங்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு குடியேற வீடு பார்க்கிறோம். தனியார் கோல்ஃப் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீடு என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் ஆடுவார்; எனக்கு அந்த மட்டையைப் பிடிக்கக்கூடத் தெரியாது.

வீட்டு விலை பரவாயில்லை. அதற்கு மேல் வருவதுதான் பயமாக இருக்கிறது. கிளப்பில் சேருவது கட்டாயம். நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா, சங்கப் பராமரிப்பு, போதாததற்கு கிளப் உணவகத்தில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்டவேண்டிய ஒரு குறைந்தபட்சத் தொகை! 18 குழி மைதானத்தின் பாசனக் குழாய்கள் பழசானால் எல்லாரிடமும் சிறப்பு வசூலும் செய்வார்களாம். வீட்டை விற்றால் நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தும் விளங்கவில்லை.

பசுமை, அமைதி, வாசலில் காவல் எல்லாம் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மைதானத்துக்குள் காலாற நடக்க விடமாட்டார்களாம்.

இன்னொன்று, பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து பார்த்தால் வீடு வலப்பக்கம், சுமார் 200 மீட்டரில். வலக்கைக்காரர்கள் தப்பாக அடித்தால் பந்து பெரும்பாலும் வலப்பக்கம்தான் வளையும் என்று இவரே சிரிக்கிறார். ஜன்னல் உடைந்தால் யார் செலவு?

இப்படி இடத்தில் இருப்பவர்கள், இருந்துவிட்டு வெளியேறியவர்கள் சொல்லுங்களேன். கிளப்பின் கடன், கையிருப்பு நிதி தவிர வேறு எந்தக் கணக்கைக் கேட்டுப் பார்க்கணும்? விடியற்காலைப் புல்வெட்டும் சத்தமும் பூச்சிமருந்து வாடையும் பழகிவிடுமா? இந்த வாரக் கடைசிக்குள் முன்பணம் கேட்கிறார்கள்.