லேண்டிங் ஆனப்புறம் ஸ்டியரிங் போச்சுன்னா ஃபிளைட்ட எப்படித் திருப்புவாங்க?

கானாடுகாத்தான்காரன்:
சிங்கப்பூர்லேருந்து திருச்சி வந்தோம், கூட எங்க ஆயாவும் வந்தாக. அலுங்காம இறங்கிருச்சு, ஆனா ரன்வேயிலயே நின்னுக்கிட்டு ஸ்டியரிங் வேலை செய்யல, வண்டி வந்து இழுக்கும்ங்குறாங்க. அப்ப அம்புட்டு வேகத்துல நேரா ஓடுனது எப்படி?

பள்ளத்தூர் ராசா:
அண்ணே, வேகமா ஓடுறப்ப முன்சக்கரத்துக்குப் பெருசா வேலையே இல்ல, வால்ல இருக்குற ரட்டர்ங்கிற அசையுற தகடுதான் காத்தை வச்சு நேரா பிடிக்கும். வேகம் குறையக் குறைய அதோட பிடி போயிரும், அப்ப இடது வலது பிரேக்கத் தனித்தனியா அமுக்குவாங்க, நம்ம டிராக்டர்ல ஒரு பக்க பிரேக் பிடிச்சு வயல்ல திருப்புறோம்ல, அதேதான். ஏ320ங்கிற ஏர்பஸ் ஃபிளைட்ல கேப்டன் கைப்பக்கம் டில்லர்னு சின்ன ஸ்டியரிங் ஒண்ணு இருக்கு, அது முன்சக்கரத்த 75 டிகிரி வரைக்கும் திருப்பும், கால் பெடல்ல வெறும் 6 டிகிரிதான்.

ஆத்தங்குடி கல்லு:
பிரேக்லயே திருப்பலாம்னா கேட் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்கலாமே?

பள்ளத்தூர் ராசா:
லேசான வளைவுன்னா சரி. ரன்வேயிலேருந்து கேட்டுக்குப் போற பாதை, டாக்ஸிவேம்பாங்க, அதுல இறுக்கித் திருப்பணும், சக்கரம் புல்லுல இறங்குச்சுன்னா பொழப்பே நாறிரும், பிரேக்கும் சூடாகும். நிப்பாட்டுனதுதான் புத்திசாலித்தனம், பின்னாடி வர்ற ஃபிளைட்டு கொஞ்சம் சுத்தட்டும். 2005ல ஜெட்புளூங்கிற அமெரிக்கக் கம்பெனியோட ஏ320 ஒண்ணு முன்சக்கரம் 90 டிகிரி திரும்பி மாட்டிக்கிட்டே லாஸ் ஏஞ்சல்ஸ்ல இறங்குச்சு, டயர் தேஞ்சு தீ பறந்துச்சு, ஆனா ஒருத்தருக்கும் காயமில்ல.

கானாடுகாத்தான்காரன்:
ஆத்தி! இத ஆயாகிட்ட சொல்லமாட்டேன், அடுத்த தடவ ஏறமாட்டாக.