அணில் கதை சொல்லப்போய்க் குயிலைக் கண்ட நாள்

வெள்ளவத்தையிலிருந்து:

ஞாயிறு காலைகளில் ஓர் அறநெறி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுறனான். எல்லாரும் தொடர்மாடியில் வளருற பிள்ளைகள். மண்ணைத் தொட்டால் உடனே கை கழுவச் சொல்லுற வீடுகள்.

இரண்டு கிழமைக்கு முன் அணில் கதை சொன்னேன், அம்மம்மா எனக்குச் சொன்ன மாதிரியே. குரங்குகள் மலைகளைப் புரட்டிக்கொண்டு வர, அணில் கடலில் நனைந்து, மணலில் புரண்டு, ஒட்டின மண்ணை அணையில் போய் உதறினது. வான்மீகியில் இந்தக் கதை இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் பாசுரத்தில் அந்த நனைதலும் புரளலும் ஓட்டமும் இருக்கு. அம்மம்மா பாசுரம் படித்தவ இல்லை. அவவுக்கு ஆர் சொன்னதோ.

கதை முடிய, "உங்களிட்ட இருக்கிறதில எதைக் கொண்டுபோய்க் குடுப்பீங்கள்?" என்று கேட்டேன். ஒருத்தி படம் கீறுவாளாம். இன்னொருவனுக்கு வேகமாக ஓடத் தெரியுமாம். கடைசி வரிசையில் எட்டு வயதுப் பெடியன் ஒருத்தன், பேச்சுத் திக்கும், தலையைக் குனிந்தபடி இருந்தான். நான் வற்புறுத்தவில்லை.

பிறகு அணில் பார்க்க எல்லாரையும் முற்றத்து மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அணில் வரவில்லை. மேலே ஒரு காகக் கூடு, சுள்ளிகளுக்குள் கட்டுக்கம்பித் துண்டுகளும் செருகியிருந்தது. விளிம்பில் சிவந்த வாயைப் பிளந்துகொண்டு ஒரு குஞ்சு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"அ... அது காகக் குஞ்சில்லை, ரீச்சர்." அவன்தான்.

சொல்லிவிட்டு இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினான். தாழத் தொடங்கிப் படிப்படியாக ஏறுற குயில் கூவல். மூன்றாம் தரம் கூவ, பக்கத்து வளவிலிருந்து உண்மையான குயில் பதில் குடுத்தது. பிள்ளைகள் அசையவில்லை. கூவுறதில் அவனுக்குத் திக்கே இல்லை.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். ஆண் கறுப்பு, பெண் மண்ணிறத்தில் புள்ளி. காகத்தின் கூட்டில்தான் முட்டை இடும், அது காக முட்டைக்கு முந்திப் பொரிக்கும். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி, "கோஹா (குயில்) கூவினால் சித்திரை வருசம் வந்திட்டுது" என்று சொல்லுவாவாம். அதைக் கேட்ட நாளிலிருந்து விடியற்காலையில் பல்கனியில் நின்று பழகியிருக்கிறான். நான் இத்தனை வருசமாக அந்தக் கூவலைக் கேட்டும் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இராஜகிரியவிலிருந்து:

வாசிக்கவே கண் கலங்கிட்டுது. 2018இல் கொழும்பை ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரமாக அறிவித்தபோதும் எனக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்தது வெறும் சேறுதான். ஊரிலிருந்து வந்த அம்மா, "எனக்கு இங்க ஒண்டும் தெரியாது பிள்ளை" என்று அறைக்குள்ளேயே இருந்தவ. ஒருநாள் பேத்திக்கு ஔவையாரும் சுட்ட நாவல்பழமும் கதை சொன்னா. பேத்தி நாவல் மரம் பார்க்கவேண்டுமென்று அழுது இழுத்துக்கொண்டு போனாள். மரம் கிடைக்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் அம்மா குனிந்து, "இது பொன்னாங்காணி, இது வல்லாரை" என்று தொட்டுத் தொட்டுக் காட்டினா. நடக்க வந்த சிங்கள அம்மா ஒருவர் நின்று, "முக்குணுவென்ன, கொட்டுகொல" என்று அதே பெயர்களைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். இப்போது இரண்டு பேரும் பின்னேரத்தில் ஒன்றாய்த்தான் நடக்கினம். (அந்த வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்ததைச் சமைக்கிறதில்லை, பார்க்கிறதோடு சரி.)

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ரீச்சர், ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளையைப் பரிசளிப்பு விழா மேடையில் ஏற்றிக் கூவச் சொல்லிப்போடாதேங்கோ. நானும் திக்குற ஆள்தான்.

வெள்ளவத்தையிலிருந்து:

ஏற்றமாட்டேன், அண்ணா. மரத்தடியிலேயே இருக்கட்டும். இந்த ஞாயிறு போனபோது கூடு வெறுமையாக இருந்தது. குஞ்சு பக்கத்துக் கொப்பில். காகம் இன்னும் அதுக்குச் சோறு கொண்டுவந்து ஊட்டுது. அவன் கீழே நின்று மற்றப் பிள்ளைகளுக்குக் கையைக் குவிக்கப் பழக்கிக்கொண்டிருந்தான்.