புதுப்பிப்பு: சைகைக் கையுறை, வைஃபை ஓடும்போது மூன்று விரல் அளவு வராத சிக்கல் தீர்ந்தது

அக்காவின் பேச வராத மகனுக்காக, கை சைகையைப் போனில் எழுத்தாகக் காட்டும் கையுறை செய்கிறேன். அதிலுள்ள இஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லில் வைஃபை போட்டதும், மூன்று விரல்களின் ஃபிளெக்ஸ் சென்சார் (விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பது) அளவு வரவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

சென்சாரை மாற்றியும் பலனில்லை. "பின் எண்ணைப் பாருங்க" (சென்சார் கம்பி இணையும் முனையின் எண்) என்றவர் சொன்னதே சரி. சென்சாரின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி என்ற பகுதி இந்தச் சில்லில் இரண்டு உண்டு. நான் கொடுத்திருந்த 25, 26, 27 ஏடிசி2-ஐச் சேர்ந்தவை. வைஃபையும் அதையே பயன்படுத்துகிறது. ஏடிசி1-இல் உள்ள 32, 33, 34-க்கு மாற்றியதும் ஐந்து விரலும் வந்துவிட்டன.

எதிர்பாராதது வியர்வை. கடலூர் வெக்கையில் அரை மணி நேரத்தில் அளவு நகர்ந்தது. சால்டர் வைத்த இடங்களை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) மூடினேன், பெரிதும் குறைந்தது. இருந்தாலும் ஒவ்வொரு முறை போடும்போதும் கையை விரித்து, மடக்கி அளவைப் புதிதாகப் பதிய வேண்டியிருக்கிறது.

நேற்று "தண்ணி" என்று காட்டினான். போனில் எழுத்து வந்தது, அக்கா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.