ஹைண்ட்ஹெட் சுற்றுப்பாதை: யாரை, எதைப் பார்த்தீர்கள்?

கில்ட்ஃபர்டிலிருந்து:

இங்கிலாந்தின் சர்ரேயில் ஹைண்ட்ஹெட் ஊரை ஒட்டி 'டெவில்ஸ் பஞ்ச் பௌல்' என்று பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. நேஷனல் டிரஸ்ட் காபிக் கடையில் தொடங்கி, பள்ளத்தின் விளிம்போடு போய், கிப்பெட் ஹில் உச்சியைத் தொட்டு, மரங்களுக்குள் நுழைந்து திரும்பக் காபிக் கடைக்கே வந்துவிடலாம். பள்ளத்துக்குள் இறங்கினால்தான் மூச்சு வாங்கும். விளிம்போடு போனால் கதை பேசிக்கொண்டே நடக்கலாம். போய்வந்தவர்கள் அங்கே பார்த்ததை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் பார்த்தது கையில் ரம்பத்தோடு நின்ற ஒரு பெரியவரை. ஞாயிற்றுக்கிழமை காலை, குளிர். இடுப்புயர பிர்ச் கன்றுகளை அடியோடு அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று லாரிக்குப் பின்னால் படித்து வளர்ந்தவன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் தன்னார்வலராம். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: விட்டுவைத்தால் பிர்ச்சும் பைனும் ஏறி மொத்தமும் காடாகிவிடும், ஹீத் போய்விடும்.

ஹீத் என்பது சத்தில்லாத மணல் தரையில் முழங்கால் உயர ஹெதர் புதர்களும், முள்ளடர்ந்த கோர்ஸும், பிராக்கன் பெரணியும் படர்ந்த வெளி. பார்த்தால் ஆதிகாலத்துக் காட்டு நிலம் போலத் தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் மனிதர்கள் மரத்தை வெட்டி, மாடு மேய்த்து உண்டாக்கிய நிலம் அது. கோர்ஸ் அடுப்புக்குப் போனது, பிராக்கன் தொழுவத்தில் மாட்டுக்குப் படுக்கையானது. பள்ளத்தின் அடியில் துடைப்பம் கட்டிப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. பிர்ச் குச்சியும் ஹெதரும்தான் அவர்களுடைய சரக்கு. அந்தப் பிழைப்புகள் நின்றதும் மரம் ஏறத் தொடங்கியது. பிரிட்டனின் தாழ்நில ஹீத்தில் 80 சதவீதத்துக்கு மேல் 1800க்குப் பிறகு போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இங்கே எக்ஸ்மூர் குதிரைகளையும் ஹைலேண்ட் மாடுகளையும் மேய விட்டிருக்கிறார்கள். மாடு தொடாத மரக்கன்றுகளுக்கு அந்தப் பெரியவர்.

இவ்வளவும் கேட்ட பிறகும் அறுபட்ட கன்றுகளைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

நியூ மால்டனிலிருந்து:

நாங்கள் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏப்ரலில் போனோம். சேலை, அதற்குமேல் தடித்த ஜாக்கெட், காலில் பேரனுடைய ரன்னிங் சப்பாத்து. கோர்ஸ் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. வெயில் பட்டதும் அந்தப் பூவிலிருந்து தேங்காய் வாசம் வரும், நம்பாதவர்கள் மோந்து பாருங்கள். அம்மம்மா முள்ளுக்குப் பயப்படாமல் இரண்டு இதழைக் கிள்ளிக் கசக்கி, "ஆரோ பக்கத்தில தேங்காய் துருவுகினம்" என்றா.

கொஞ்சத் தூரத்தில் மகன் கத்தினான். மணற்பாதையின் ஓரத்தில், காய்ந்த பிராக்கன் மேல் ஆடர் பாம்பு ஒன்று. சாம்பல் நிறம், முதுகு நீளத்துக்குக் கறுப்பு வளைகோடு, கண் சிவப்பு. பிரிட்டனின் சொந்தப் பாம்புகளில் விஷமுள்ளது இது ஒன்றுதான். ஊரில் நாங்கள் புடையன் என்று நடுங்குகிறோமே, அந்த விரியன் குடும்பம். ஆனால் இங்கே இது கடித்து ஆள் செத்தது கடைசியாக 1975இல். கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், அது வேறு கதை. நான் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்க, அம்மம்மா ஊன்றுகோலில் சாய்ந்தபடி, "விடுங்கோ, அதுவும் வெயில் காயத்தானே வந்தது" என்றா. பாம்பு அவசரமே இல்லாமல் ஹெதருக்குள் போனது.

அப்புறம் ஒன்று. பாம்பைவிட உண்ணிக்குப் பயப்படுங்கள். பிராக்கனுக்குள் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பார்க்கவேணும். லைம் நோய் அதால்தான் வரும். காற்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகினால் அசிங்கமாய்த் தெரியும், பரவாயில்லை.

டூட்டிங்கிலிருந்து:

பகலில் போனவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஜூன் மாதம், சூரியன் இறங்கின பிறகு போங்கள். இங்கே அதற்கு ஒன்பதரை ஆகிவிடும்.

ஊரில் ராத்திரி டூவீலரில் வரும்போது நடுரோட்டில் இரண்டு கண் மின்னும், சக்கரம் கிட்டே போனதும் விருட்டென்று எழும்பும், பக்கிக் குருவி. அதன் உறவுக்காரன் நைட்ஜார் ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதம் இந்த ஹீத்துக்கு வருகிறான். பறவை பார்க்கும் நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். பைன் மரம் ஒன்றின் அடியில் நின்றோம். முதலில் ஒன்றுமில்லை, கொசுதான். திடீரென்று 'ர்ர்ர்ர்' என்று ஒரு ஒலி. இடைவெளியே இல்லாமல் நிமிஷக்கணக்கில் போகிறது, நடுவில் ஸ்தாயி மட்டும் மாறுகிறது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது, தலையைத் திருப்பத் திருப்ப அதுவும் திரும்பும். சட்டென்று நின்றது. இறக்கையை மேலே தட்டுகிற 'டப் டப்' சத்தம். சிறகு நுனியில் வெள்ளைப் புள்ளியோடு ஆண் பறவை எங்கள் தலைக்கு மேலேயே ஒரு வட்டமடித்துவிட்டுப் போனது. அகலத் திறக்கிற வாயை வைத்து ராத்திரியில் ஆட்டுப் பால் குடிக்கிற பறவை என்று ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்களாம். பாவம், அது தின்பதோ அந்துப்பூச்சி.

கூடு கிடையாது. வெறும் தரையிலேயே முட்டை. அதனால்தான் மார்ச் முதல் ஜூலை வரை நாயைக் கயிற்றில் பிடித்துப் போகச் சொல்கிறார்கள். அன்றைக்கே ஒரு ஆள் நாயை அவிழ்த்துவிட்டு ஹெதருக்குள் பந்து எறிந்துகொண்டிருந்தார். நண்பர் பணிவாகச் சொன்னார், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வோக்கிங்கிலிருந்து:

நீங்கள் எல்லாம் பாம்பும் பறவையும் சொல்கிறீர்கள். நான் சந்தித்தது ஒரு ரோட்டை. 2011க்கு முன்னால் வேலைக்காக போர்ட்ஸ்மத் போய்வருவேன். ஏ3 சாலை பள்ளத்தின் விளிம்பிலேயே ஓடும், ஹைண்ட்ஹெட் சிக்னலில் வண்டி வரிசை வால் தெரியாது. அந்த வருஷம் ஜூலையில் 1.8 கிலோமீட்டர் சுரங்கம் திறந்தார்கள். பழைய தாரைப் பெயர்த்து, மண் போட்டு, புல்லும் ஹெதரும் விதைத்தார்கள். சமீபத்தில் மனைவியோடு நடக்கும்போது, இங்கேதான் நான் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலியோடு உட்கார்ந்திருந்தேன் என்று காட்டினேன். அவள் நம்பவில்லை. ஒரு எக்ஸ்மூர் குதிரை மேய்ந்துகொண்டிருந்தது.

அதற்கும் மேலே பழைய கோச்சு வண்டிப் பாதையில் 'மாலுமிக் கல்' நிற்கிறது, தவறவிடாதீர்கள். 1786இல் கப்பலேற போர்ட்ஸ்மத்துக்கு நடந்துபோன ஒரு மாலுமி, தர்ஸ்லி ஊர் விடுதியில் மூன்று பேருக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவர்களே இங்கே வைத்து அவனைக் கொன்று, துணியை உருவிக்கொண்டு போய், விற்கப் பார்க்கும்போது அன்றைக்கே பிடிபட்டார்கள். மறுவருஷம் கிப்பெட் ஹில்லில் தூக்கிலிட்டு, உடல்களைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். செத்தவன் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. தர்ஸ்லி ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கல்லறை கட்டினார்கள். மாலுமிக் கல்லை நகர்த்துகிறவனுக்குச் சாபம் என்று அந்தக் கல்லின் முதுகில் செதுக்கியிருக்கிறது. நம் ஊர்க் கல்வெட்டுக்களில் தர்மத்தை அழிப்பவனுக்குச் சாபம் எழுதுவார்களே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

272 மீட்டர் உச்சியில் 1851இல் நட்ட கிரானைட் சிலுவை இருக்கிறது. வானம் தெளிந்தால் லண்டன் கட்டடங்கள் தெரியும்.

கில்ட்ஃபர்டிலிருந்து:

தனியாகக் கேட்டவர்களுக்கு: குழந்தையின் தள்ளுவண்டி காபிக் கடையிலிருந்து பள்ளம் தெரியும் இடம் வரை சுகமாகப் போகும். அதற்கு மேல் மணலும் வேரும், தூக்க ஆள் வேண்டும். ஹெதர் ஊதாவாகப் பார்க்க ஆகஸ்ட். ஆனால் அதற்குள் பக்கி பெரும்பாலும் கச்சேரியை முடித்திருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தடவை வாருங்கள், ரயிலில் ஹேஸ்ல்மியரில் இறங்கினால் பஸ் உண்டு. டூட்டிங்காரரே, அடுத்த ஜூனில் போகும்போது சொல்லுங்கள், கொசு மருந்து என் செலவு.