ஸ்பீக்கர் வயரின் தடிமனும் இழைகளின் எண்ணிக்கையும்

கேள்வி: ஆம்ப்ளிஃபயரிலிருந்து 10 மீட்டர் தொலைவில் உள்ள 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதுமா? இழைகள் கூடினால் ஒலி மேம்படும் என்கிறார்களே, அது சரியா?

பதில் 1: போதாது. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் நீளத்தை 20 மீட்டர் என்றே கொள்ள வேண்டும். அந்த நீளத்துக்கு உங்கள் வயரின் மின்தடை ஏறத்தாழ 0.46 ஓம், 2.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் 0.14 ஓம்தான். முன்னதில் ஏறக்குறைய 1 டெசிபல் இழப்பு ஏற்படும். அதைவிடக் கவலைக்குரியது, ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால் இந்த இழப்பு ஒரே சீராக இராமல் இசையின் சமநிலையையே மாற்றிவிடும் என்பதாகும்.

பதில் 2: இழைகள் ஒன்றையொன்று தொட்டபடியே இருப்பதால் மின்னோட்டத்துக்கு அவை ஒரே கம்பிதான், மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு மாறாதவரை எண்ணிக்கையால் ஒலி மாறாது. உயர் அதிர்வெண்களில் மின்னோட்டம் மேற்பரப்பை நாடுவது உண்மையே என்றாலும், 20 கிலோஹெர்ட்ஸிலும் அது செம்பில் சுமார் 0.46 மில்லிமீட்டர் ஆழம் வரை செல்வதால் தாக்கம் மிகச் சிறிது. மெல்லிய இழைகளால் வயர் எளிதில் வளையும், முறியாது. எனக்கு அதுவே பெரிய நன்மையாகத் தோன்றுகிறது.

கேள்வி கேட்டவர்: உறையை உரித்தபோது நான்கைந்து இழைகள் அறுந்துவிட்டன. அப்படியே இணைக்கலாமா?

பதில் 2: வேண்டாம், நுனியை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். இழைகளை இறுக முறுக்கியபின் செருகுங்கள். வெளியே நீட்டிய ஒரே இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் பழுதாகலாம்.