பழக்கம் சொல்லித்தரும் படப்புத்தகம் வாங்கினேன், மகள் இப்போது கேக்கைப் பார்த்தே பயப்படுகிறாள்

அரைத்தூக்கம்:

கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு ஐந்தரை வயது, படம் போட்ட புத்தகம் என்றால் உயிர். போன மாதம் உடல்நலப் பழக்கங்களைக் கதையாகச் சொல்லும் ஒரு புத்தகம் வாங்கினேன். வாங்குவதற்கு முன் கருத்துகளை எல்லாம் படித்தேன், நூற்றுக்கணக்கானவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள், “என் பையன் ஒரே நாளில் மாறிவிட்டான்” என்கிற ரகத்தில்.

கதை இதுதான். ஒரு கரடிக்குட்டி இனிப்பாகத் தின்று தள்ளுகிறது, வயிறு ஊதுகிறது, பல் கறுக்கிறது, அப்புறம் நண்பர்கள் யாரும் விளையாடக் கூப்பிடாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறது. கடைசி இரண்டு பக்கத்தில் காய்கறி தின்று திருந்திவிடும். படங்கள் உண்மையிலேயே அழகு, அதுதான் பிரச்சினையோ என்னவோ. அந்த அழுகிற பக்கத்தை மகள் தினமும் திறந்து பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பையனின் பிறந்தநாள். கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, “இதைச் சாப்பிட்டால் என்னோடு யாரும் விளையாட மாட்டார்களா?” என்று என்னிடம் கேட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தப் பையன் கொஞ்சம் குண்டு. நேராக அவனிடம் போய் “நீதான் அந்தக் கரடியா?” என்று கேட்டுவிட்டாள். அவன் அம்மா முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்னொரு பக்கம், என் கணவர் ‘குடும்ப ஆரோக்கிய வழிகாட்டி’ என்று ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் உத்தரவு. தினமும் 8 டம்ளர் தண்ணீர், 10,000 ஸ்டெப்ஸ், சர்க்கரை அறவே கூடாது, தின்றால் பிள்ளைகள் தலைகால் தெரியாமல் ஆட்டம் போடும் என்று. அதற்கும் ஏகப்பட்ட நட்சத்திரம்தான். இந்தக் கருத்துகளை எந்த அளவுக்கு நம்புவது? இந்த இரண்டு புத்தகத்தையும் என்ன செய்வது?

நூலகப் பூனை:

முதலில் அந்த நட்சத்திரங்கள். குழந்தைகள் பிரிவில் பல வருடமாகப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்வேன், அவற்றில் முக்கால்வாசி புத்தகம் கைக்கு வந்த அன்றே போட்டவை. அட்டை அழகு, தாள் கனம், கருத்து நல்ல கருத்து, முடிந்தது. பழக்கம் மாறியதா என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிகிற சங்கதி, அப்போது யாரும் திரும்பி வந்து எழுதுவதில்லை. நான் தேடுவது மூன்று நட்சத்திரக் கருத்துகளைத்தான். “என் மகள் நாலாம் பக்கத்தில் எழுந்து போய்விட்டாள்”, “எழுத்து அதிகம், படுக்கும் நேரத்துக்கு ஆகாது” என்று குழந்தை என்ன செய்தது என்பதை எழுதியிருப்பார்கள். பெரியவருக்குப் பிடித்ததை மட்டும் எழுதியிருந்தால் அது பெரியவருக்கான புத்தகம்.

உங்கள் கரடிக்கு வருவோம். 2014-இல் ஒரு ஆய்வு வந்தது, 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் கதை சொல்லிவிட்டு, அவர்கள் உண்மை பேசுகிறார்களா என்று பார்த்தார்கள். பொய் சொன்னவனுக்குக் கேடு வரும் கதை, அதாவது நமக்குப் ‘புலி வருது’ என்று தெரிந்த கதையின் ஓநாய் வடிவம், எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. மரத்தை வெட்டிய சிறுவன் உண்மையை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கும் ஜார்ஜ் வாஷிங்டன் கதை மாற்றியது. அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது! அது பொய்யைப் பற்றிய ஆய்வு, சாப்பாட்டைப் பற்றியது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு பக்கம் அழவைத்து இரண்டு பக்கம் திருத்துகிற புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

விலங்குக்குச் சட்டை மாட்டிவிட்டால் பிள்ளைகள் பாடம் கற்றுக்கொள்வார்கள் என்பதும் அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. 2017-இல் டொராண்டோவில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள், ஒன்றில் மனிதர்கள், இன்னொன்றில் மனிதர் மாதிரி உடுத்திய விலங்குகள். மனிதர் கதை கேட்டவர்கள்தான் தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்கள். ஆக உங்கள் மகள் கரடியிலிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தாவியது ஒரு வகையில் கெட்டிக்காரத்தனம், பல பிள்ளைகள் அந்த அளவுக்குக்கூடத் தாவுவதில்லை. தாவிய இடம்தான் சரியில்லை.

புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், மறைத்தும் வைக்காதீர்கள். மறைத்தால் அந்தப் பக்கம் இன்னும் பெரிதாகிவிடும். அவளோடு உட்கார்ந்து மறுபடி படியுங்கள், ஆனால் வாசித்துக்கொண்டே போகாமல் பக்கத்துக்கு ஒரு கேள்வி. “கரடி ஏன் அழுகிறது? நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?” இதை உரையாடல் வாசிப்பு என்பார்கள், 1980-களிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள், பிள்ளையின் பேச்சு வளர்ச்சிக்கு நல்லது. சுமாரான புத்தகத்தைக்கூட இப்படிப் படித்தால் தேற்றிவிடலாம்.

உப்பு குறைவு:

நான் உணவியல் படித்தவள். கரடியைப் பூனையார் பார்த்துக்கொண்டார், நான் உங்கள் கணவரின் வழிகாட்டிக்கு வருகிறேன்.

8 டம்ளர் தண்ணீர்: 1945-இல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளைக்கு சுமார் இரண்டரை லிட்டர் என்று எழுதியது. அடுத்த வரியிலேயே அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. முதல் வரி மட்டும் ஊர் சுற்றுகிறது, இரண்டாவது வரி அங்கேயே படுத்துவிட்டது. 10,000 ஸ்டெப்ஸ் அதைவிட வேடிக்கை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு நடையளவுக் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்ற பொருளில் இருந்தது, எண் அங்கிருந்து கிளம்பியது. நடப்பது நல்லதுதான், நிறைய நடங்கள். 9,000-த்தில் நின்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம், அவ்வளவுதான்.

சர்க்கரையும் ஆட்டமும். இதைச் சொன்னால் அம்மாக்கள் என்னை அடிக்க வருவார்கள். 1995-இல் அதுவரை நடந்த கட்டுப்படுத்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றியதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். 5 முதல் 7 வயதுப் பையன்களுக்குச் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, பாதி அம்மாக்களிடம் “உங்கள் மகன் நிறையச் சர்க்கரை குடித்திருக்கிறான்” என்றார்கள். அந்த அம்மாக்கள் மட்டும் “இவன் ஓவராக ஆடுகிறான்” என்று மதிப்பெண் போட்டார்கள்! பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் குதிப்பது, அங்கே இருபது பிள்ளைகள் இருப்பதால்.

அதற்காகச் சர்க்கரை அள்ளித் தரலாம் என்று அர்த்தம் இல்லை. பல் இருக்கிறது, எடை இருக்கிறது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு, சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5-க்கும் கீழே. தேனும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வரும், முழுப் பழம் வராது. பாருங்கள், அவர்களே “அறவே கூடாது” என்று சொல்லவில்லை. “அறவே”, “ஒருபோதும்”, “ஒரே மாதத்தில்” இந்த மூன்று சொல்லும் அட்டையிலேயே இருந்தால் நான் உள்ளே போவதில்லை. கடைசிப் பக்கத்தில் பொடியோ மாத்திரையோ விற்றால் கேட்கவே வேண்டாம்.

கைக்குழந்தை பற்றிய பகுதி இருந்தால் எனக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு, தேனைத் தேடுவேன். ஒரு வயது முடிவதற்குள் தேன் தரக் கூடாது. போட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம், சின்னக் குடலுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. சளிக்கு ஆறு மாதக் குழந்தைக்குத் தேன் நக்கக் கொடுங்கள் என்று எழுதியிருந்தால் எத்தனை நட்சத்திரமானாலும் புத்தகத்தை மூடிவிடலாம்.

உங்கள் மகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. எலின் சாட்டர் என்ற உணவியலாளரின் முறை: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாடு; சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. தட்டில் வைத்த பிறகு வாயை மூடிக்கொள்வது நம் வேலை, அதுதான் மிகக் கஷ்டம். புதுக் காய் ஒன்று பிடிக்கப் பத்துத் தடவைக்கு மேல்கூட ருசி பார்க்க வேண்டி வரலாம், மூன்றாம் தடவையே “இவளுக்குப் பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மொட்டைமாடி:

எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடுகிறீர்கள், நான் எதிர்க்கட்சி. என் மகன் பல் தேய்க்கவே மாட்டான், தினமும் காலையில் போர். பல்லுக்குள் குடியேறி இரவில் சுவர் தோண்டும் பூச்சிகள் கதை ஒன்று கிடைத்தது, சரியான பயமுறுத்தல். அன்றிலிருந்து தானாகப் போய்த் தேய்க்கிறான். பயம் வேலை செய்யவில்லை என்று எந்த ஆய்வு வேண்டுமானாலும் சொல்லட்டும், என் வீட்டில் செய்தது. (ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து “அப்பா, தோண்டுற சத்தம் கேட்குது” என்கிறான், அது வேறு விஷயம்.)

இன்னொன்று, உடல்நலத்தைப் பற்றிப் புத்தகம் படிப்பதே உட்கார்ந்து செய்யும் வேலை. ஐந்து வயதுக்கு மேல் தினமும் சராசரி 60 நிமிடம் நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே விடுங்கள் அக்கா.

நூலகப் பூனை:

அந்த இரண்டு மணிச் சத்தத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் கணக்கில் வராதா? அதுதான் ஐயா, புத்தகத்தின் விலை. பல் தேய்க்கிறான், சந்தோஷம். அடுத்து வாங்கும்போது பூச்சியே இல்லாமல், ஒரு பிள்ளை தேய்க்கிறது, தண்ணீர் மூக்கில் ஏறுகிறது, சிரிக்கிறது என்று வரும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அன்றாடத்தைச் சிரிப்பாகச் சொல்லும் புத்தகங்களைத்தான் பிள்ளைகள் கிழியக் கிழிய வாசிக்கிறார்கள், எங்களிடம் ஒட்டுப் போடுவதற்கு வருபவை எல்லாம் அவைதான். திருத்தும் கதைகள் புத்தம்புதிதாக அலமாரியில் இருக்கும்.

அரைத்தூக்கம்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

வழிகாட்டியில் தேனைத் தேடினோம். இருந்தது, நான்கு மாதக் குழந்தைக்கு! கணவர் ஒன்றும் பேசாமல் எடுத்துப் போய்ப் பழைய காகிதக் கட்டோடு வைத்துவிட்டார். தண்ணீர்ப் பட்டியலை மட்டும் குளிர்பெட்டிக் கதவிலிருந்து கழற்ற மாட்டேன் என்கிறார், எழுதியது வீணாம்.

கரடியை மூன்று ராத்திரி மறுபடி படித்தோம். முதல் நாள் கேள்வி கேட்டால் “அம்மா, சும்மா படி” என்றாள். இரண்டாம் நாள், கரடி ஏன் அழுகிறது என்றதற்கு, “வயிறு வலிக்குது” என்றாள், நான் எதிர்பார்த்த பதில் இல்லை. மூன்றாம் நாள் அவளே நிறுத்தி, மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் முயலையும் அணிலையும் காட்டி, “இவங்கதான் கூப்பிடல, இவங்க ஏன் அழல?” என்றாள். எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, தெரியவில்லையே என்றேன். மறுநாள் ஒரு தாளில் பந்து வரைந்து வெட்டி, கரடிக்கும் முயலுக்கும் நடுவில் ஒட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் “என்னோட பந்து சிவப்பு” என்று மட்டும் சொன்னானாம். நான் அவன் அம்மாவிடம் தனியாகப் பேசினேன், அது நீளம், இங்கே வேண்டாம்.

அந்தப் புத்தகத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டு, நடந்ததை அப்படியே எழுதிவிட்டேன். “குழந்தை வளர்க்கத் தெரியாதவர்கள் புத்தகத்தைக் குறை சொல்கிறார்கள்” என்று கீழே ஒருவர் பதில் போட்டிருக்கிறார்.

நூலகப் பூனை:

பதில் எழுதாதீர்கள், விடுங்கள். அவசரமாக ஒன்று கேட்க வேண்டும், அந்தப் பந்தை எந்தப் பசையால் ஒட்டினாள்? நீர்ப் பசை என்றால் மழைக்காலத்தில் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு மெழுகுத்தாள் வைத்து மூடுங்கள்.