சேலத்தில் கும்மென்று வந்த கேக் ஏற்காட்டில் ஏன் குழி விழுகிறது?

செவ்வாய்ப்பேட்டைப் பொண்ணு:
வணக்கம்ங்க. சேலத்துல இருந்த வரைக்கும் என் ஆரஞ்சு கேக் ஒரு தடவை கூட சொதப்புனதில்ல. வீட்டுக்காரருக்கு காபி எஸ்டேட்ல வேலை கெடச்சு ஜூன்ல ஏற்காடு வந்தோம். வந்ததுலருந்து நாலு தடவை செஞ்சுட்டேன், நாலும் ஒரே கதை. இருபது நிமிஷம் வரைக்கும் நல்லா எழும்புது. அப்பறம் கண்ணாடி வழியா பார்க்கப் பார்க்கவே நடு இறங்கி குழி விழுந்துருது. ஓரம் செவந்துடுது, நடுவுல கத்தி விட்டா களி மாதிரி ஒட்டுது.

அளவு: மைதா 200 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 150, முட்டை 3, பால் 100 மில்லி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஒரு கமலா ஆரஞ்சோட தோல் துருவல். 180 டிகிரி, 40 நிமிஷம். அதே ஓவன், அதே டின். கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துக்கு கொடுக்கணும். யாராவது வழி சொல்லுங்க.

தோட்டத்துவீடு:
தங்கச்சி, நான் இங்க வந்து இருபது வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு வருஷம் இதே குழிதான் எனக்கும். உன் கை மேல தப்பில்ல, உயரம்தான் காரணம். சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர்ல இருக்கு, நாம 1500 மீட்டர்ல இருக்கோம். இங்க காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட ஆறுல ஒரு பங்கு கம்மி. பேக்கிங் பவுடர்லருந்து வர்ற வாயுவை அமுக்கிப் பிடிக்க ஆளில்லாததால குமிழி சீக்கிரம் பெருசாயிடுது. முட்டையும் மாவும் வெந்து கெட்டியாகறதுக்குள்ள குமிழி உடைஞ்சு, மேல போனது கீழ வந்துடுது. தண்ணியும் வேகமா ஆவியாகும். மிச்சமிருக்கற ஈரத்துல சர்க்கரை அதிகமாயிடும். சர்க்கரை அதிகமானா கேக் கெட்டியாக நேரம் புடிக்கும்.

இப்படி மாத்திப் பாரு: பவுடர் 1½ டீஸ்பூன், சர்க்கரை 180, பால் 2 டேபிள்ஸ்பூன் கூட, ஓவன் 190. அஞ்சு நிமிஷம் முன்னாடியே குச்சி விட்டுப் பாரு.

அஸ்தம்பட்டி அடுப்பு:
அக்கா, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இதுல உடன்பாடில்ல. வீட்லருந்தே ஆர்டர் எடுத்து கேக் போடறவன் நான். எது கெட்டாலும் மலை மேல பழி போட்டுட்டா உண்மையான காரணத்த யாரும் தேட மாட்டாங்க.

சகோதரி, நீங்க எல்லாம் கிராம்ல சொன்னீங்க, பவுடர் மட்டும் ஸ்பூன்ல. குவிச்சு அள்ளுனீங்களா, மேல தட்டி சமமாக்கி அள்ளுனீங்களா? குவிச்சா ரெண்டு ஸ்பூன் மூணாயிடும். அடுத்தது ஓவன். இருபது கொண்டை ஊசி வளைவுல வண்டில குலுங்கி வந்த ஓவன் அது. முள் 180ல நிக்கறதால உள்ள 180 இருக்குன்னு அர்த்தமில்ல. தனியா ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ள தொங்கவிடுங்க. சூடு பத்தலைன்னா ஓரம் வெந்து நடு வேகாம இருக்கும், நீங்க சொல்ற களி அதுதான்.

எல்லாத்துக்கும் மேல வெண்ணெய். சேலத்துல வெளிய வச்ச அரை மணி நேரத்துல விரல் அமுக்குனா குழி விழற பதத்துக்கு வந்துடும். டிசம்பர்ல உங்க சமையலறைல நாள் பூரா வச்சாலும் கல்லு மாதிரிதான் இருக்கும். அத சர்க்கரையோட அடிச்சா காத்து ஏறாது. அதுக்கு மேல ஜில்லுனு முட்டைய ஊத்துனா திரிஞ்ச பால் மாதிரி கலவை பிரியும். இது குளிரோட வேலை, உயரத்தோட வேலையில்ல.

தோட்டத்துவீடு:
தம்பி, வெண்ணெய் விஷயம் நூத்துக்கு நூறு சரி. கிண்ணத்த வெதுவெதுப்பான தண்ணில உக்கார வச்சு அடிக்கணும், முட்டையையும் ஓட்டோட பத்து நிமிஷம் அதே தண்ணில போடணும். ஆனா வெண்ணெய்ல காத்து ஏறலைன்னா கேக் முதல்லயே அடங்கித்தான் இருக்கும். இந்தப் பொண்ணு சொல்றது என்ன? நல்லா எழும்பி அப்பறம் விழுது. அது வாயு மிஞ்சிப் போனதோட அடையாளம்.

உயரத்த நம்பலைன்னா ஒண்ணு செய்ங்க. தண்ணிய தளதளன்னு கொதிக்க விட்டு தெர்மாமீட்டர் விடுங்க. உங்க ஊர்ல 99 காட்டும், இங்க 95தான். கேக்குக்குள்ளயும் ஈரம் இருக்கற வரைக்கும் அதத் தாண்டி ஏறாது. துவரம்பருப்பு இங்க வேக கூட நேரம் எடுக்கறதும் இதனாலதான். குக்கர்லயே ஏழுல ஒரு பங்கு நேரம் கூட வைக்கறேன், அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஊறவும் போடறேன்.

அஸ்தம்பட்டி அடுப்பு:
95 டிகிரி கணக்கு ஒத்துக்கறேன். பருப்ப சாட்சிக்கு இழுக்காதீங்க அக்கா. உப்புத் தண்ணி வர்ற தெருவுல சேலத்துலயே பருப்பு வேகாது. பழைய பருப்புன்னாலும் வேகாது. அப்பறம், மழைக்காலம் பூரா பனிமூட்டத்துல இருந்த பவுடர் டப்பா ஈரம் இழுத்திருக்கும். அரை ஸ்பூன் எடுத்து சுடுதண்ணில போட்டு நுரைக்குதான்னு பாருங்க.

தோட்டத்துவீடு:
பவுடர் செத்துப் போயிருந்தா கேக் எழும்பியே இருக்காதே தம்பி.

கன்னங்குறிச்சி அம்மா:
பிள்ளைங்களா, நான் கேக் போட்டதில்ல. ஆனா என் பொண்ண ஏற்காட்டுல கட்டிக் கொடுத்திருக்கு, அவ வீட்டு இட்லி மாவ வச்சு குளிர் பண்ற வேலைய சொல்ல முடியும். நாலுக்கு ஒண்ணு அரிசி உளுந்து, கூட ஒரு ஸ்பூன் வெந்தயம். நம்ம ஊர்ல சித்திரை மாசம் ஆறு மணி நேரத்துல பொங்கி வழியும். அங்க மார்கழில விடிஞ்சு பார்த்தா ராத்திரி வச்ச இடத்துலயே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைச்சு, கையால நல்லா கலந்து, உப்பு போடாம வச்சு, பொங்குன பிறகு உப்பு போடச் சொன்னேன். பாத்திரத்த ஒரு போர்வைல சுத்தி வச்சா பதினாறு மணி நேரத்துல வந்துடுது.

அஸ்தம்பட்டி அடுப்பு:
அம்மா, அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதவங்க ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டா போதுமே?

கன்னங்குறிச்சி அம்மா:
வேண்டாம் சாமி. சோடா போட்டா இட்லி எழும்பும், புளிப்பு வராது. கொஞ்சம் கூடிட்டா மஞ்சள் தட்டி சோப்பு மாதிரி வாடை அடிக்கும். புளிச்ச மாவோட ருசி காத்திருந்தாத்தான் வரும். நேரமில்லைன்னா அன்னிக்கு உப்புமா கிண்டுங்க.

மூணாவது மாடி:
ஓவன் இல்லாம குக்கர்ல கேக் போடறவங்களுக்கும் இதே கணக்கா?

தோட்டத்துவீடு:
அதே கணக்குதான். ரப்பரையும் வெயிட்டையும் மறக்காம கழட்டிடணும். அடில உப்பு பரப்பி பத்து நிமிஷம் சூடாக்கிட்டு டின்ன வைங்க.

செவ்வாய்ப்பேட்டைப் பொண்ணு:
எல்லாருக்கும் நன்றிங்க. ஞாயித்துக்கிழமை உக்காந்து ரெண்டு தடவை செஞ்சேன். பவுடர் நுரைச்சுது, டப்பா நல்லாத்தான் இருக்கு. நான் குவிச்சுத்தான் அள்ளிட்டிருந்தேன் அண்ணா, சேலத்துலயும் அப்படித்தான். தெர்மாமீட்டர் வாங்கி தொங்கவிட்டேன், முள் 180ல இருக்கறப்ப உள்ள 165தான்.

முதல் கேக்குக்கு பழைய அளவேதான், பவுடர் மட்டும் தட்டி அள்ளுன 2 ஸ்பூன். வெண்ணெய வெதுவெதுப்பான தண்ணில வச்சு அடிச்சேன், நெசமா 180 வர்ற மாதிரி முள்ள திருப்பி வச்சேன். களி இல்ல, நடு வெந்துடுச்சு. ஆனா குழி இருந்துச்சு, ஒரு விரல் நகம் ஆழத்துக்கு. ரெண்டாவதுல பவுடர் 1½, பால் 2 டேபிள்ஸ்பூன் கூட, சூடு 190. சர்க்கரையத் தொடல. மேல சமமா வந்துச்சு, 35 நிமிஷத்துலயே குச்சி சுத்தமா வந்துடுச்சு. வெட்டிப் பார்த்தா ஓட்டையெல்லாம் சின்னச் சின்னதா ஒரே சீரா இருந்துச்சு. பையன் ரெண்டாவதத்தான் காலி பண்ணான்.

அஸ்தம்பட்டி அடுப்பு:
சந்தோஷம் சகோதரி. களிக்குக் காரணம் ஓவன், குழிக்குக் காரணம் பவுடர். உயரத்துக்கு பவுடரக் குறைக்கணும்னு அக்கா சொன்னத ஒத்துக்கறேன். சர்க்கரைல மட்டும் கை வைக்காதீங்க. குறைச்சா இனிப்பு மட்டுமில்ல, மெதுவும் போகும், மறுநாளே காஞ்சு உதிரும். அதத் தொடாமயே சரியா வந்ததுக்கு உங்க ரெண்டாவது கேக்கே சாட்சி.

தோட்டத்துவீடு:
இந்த அளவுக்கு வந்துடுச்சு, சரி. இதே பொண்ணு நாளைக்கு மைதாவுக்கு மேல சர்க்கரை போடற கேக் ஒண்ணு செஞ்சா மறுபடி விழும், அப்ப பேசிக்கலாம் தம்பி. என் வீட்டு கேக்கு சர்க்கரை குறைச்சும் நாலு நாள் மெதுவா இருக்கு. சேர்த்து ஊத்தற பாலுதான் காரணம். அடுத்த தடவை நீங்க மேல வர்றப்ப வீட்டுக்கு வாங்க, வெட்டித் தரேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பொண்ணு:
அக்கா, கூட ஊத்தற அந்த ரெண்டு ஸ்பூன் பாலுக்கு பதிலா கமலா ஆரஞ்சுச் சாறு ஊத்தலாமா? கூடை நெறைய பழம் கெடக்குது.

தோட்டத்துவீடு:
தாராளமா ஊத்து. பாலோட நேரா கலந்துடாத, திரிஞ்சுடும். பாலையும் மாவையும் கலந்த பிறகு கடைசியா சேரு.